எல்லைக் கல்லில் நின்ற பஸ்

"சோதனை ஓட்டத்தின்போது பொதுமக்கள் எதிர்ப்புத் தெரிவித்துப் பேருந்தை வழிமறித்ததாலும், மேற்படி இடத்தில் பேருந்து திரும்புவதற்கு வசதி இல்லாததாலும், தடநீட்டிப்புக் கோரிக்கை ஏற்கத்தக்கதன்று எனத் தெரிவிக்கப்படுகிறது."

இந்த ஒரு வாக்கியத்தை வாங்க எனக்கு ஆறு மாதம் ஆயிற்று. படித்த அன்று எனக்குக் கோபம் வந்தது. கோபத்துக்குக் காரணம் அது பொய் என்பது மட்டுமல்ல. அதைப் பொய் என்று யாராலும் நிரூபிக்க முடியாது என்பதும்தான். முப்பத்து நான்கு வருடம் அரசு அலுவலகத்தில் இருந்து கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவள் நான். இப்படி ஒரு வாக்கியத்தை எப்படிக் கட்டுவது என்று இளநிலை உதவியாளர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். "பொதுமக்கள் எதிர்ப்பு" என்று எழுதிவிட்டால் எந்தப் பொதுமக்கள், எத்தனை பேர், எதை எதிர்த்தார்கள் என்று மேலே இருப்பவர் கேட்கமாட்டார். என் கையாலேயே மூன்று கோப்புகளில் அதை எழுதி மூடியிருக்கிறேன். ஒன்று குடிநீர்த் தொட்டி. மற்ற இரண்டும் ஞாபகம் இல்லை. ஞாபகம் இல்லை என்பதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

ஓய்வுக்குப் பிறகு நாமக்கல் வெயில் ஒத்துக்கொள்ளாமல் கொல்லிமலைக்கு வந்து, திண்ணனூர் நாட்டில் நாற்பது வீடுகள் உள்ள ஓர் ஊரில் வாடகைக்கு வீடு எடுத்தேன். நான் வருவதற்கு முந்தைய வருடம்தான் அந்த ஊருக்குத் தார்ச்சாலை போட்டிருந்தார்கள். சாலை வந்தது, பஸ் வரவில்லை. பஸ் நான்கு கிலோமீட்டர் கீழே, சாலை முக்கிலேயே நின்று திரும்பிவிடும். அதை நான் ஒரு குறையாக நினைக்கவே இல்லை. வாரம் ஒருமுறை இறங்கிப் போக எனக்கு ஜீப் போதும்.

குறையாகத் தெரிந்தது பக்கத்து வீட்டு மருமகளால். அவளுக்கு இருபத்து நான்கு வயது. புருஷன் போர்வெல் லாரியில் வேலைக்குப் போய் வடக்கே எங்கோ குழாய் இறக்கிக்கொண்டிருக்கிறான், வருடத்துக்கு இரண்டு முறை வருவான். ஒரு வயதுக் குழந்தை. பன்னிரண்டாவதில் நல்ல மதிப்பெண் வாங்கி, கல்யாணத்தால் நின்றுபோனவள், அடிவாரத்தில் ஒரு பயிற்சி நிலையத்தில் நர்சிங் உதவியாளர் படிப்புக்கு இடம் வாங்கிவிட்டாள். ஒரு வருடப் படிப்பு. கைக்குழந்தை இருப்பதால் விடுதியில் தங்க முடியாது. தினமும் காலை ஐந்து மணிக்குக் கிளம்பி, நான்கு கிலோமீட்டர் நடந்து, முக்கில் ஆறேகால் பஸ்ஸைப் பிடித்து, எழுபது கொண்டையூசி வளைவும் இறங்கி, காளப்பநாயக்கன்பட்டியில் போய் நிற்பாள். மழை பெய்தால் போக முடியாது. காட்டெருமை வழியில் நின்றால் போக முடியாது. குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் போக முடியாது. முப்பது நாளுக்கு மேல் வராதவர்களைப் பரீட்சைக்கு விடமாட்டோம் என்று நிலையத்தில் முதல் நாளே எழுதி வாங்கிக்கொண்டார்கள்.

வீட்டுச் சுவரில் கரிக்கட்டியால் கோடு போட்டு வைத்திருந்தாள். வராத நாளுக்கு ஒரு கோடு.

"ஏனுங்கம்மா, நீங்க பெரிய ஆபீசருன்னு சொல்றாங்களே, ஒரு பஸ்ஸு வுட வெக்க முடியாதுங்களா?" என்று ஒருநாள் கேட்டாள். வேலியின் அந்தப் பக்கம் குழந்தைக்கு ராகிக் கூழ் ஊட்டிக்கொண்டே, ஒரு கை உப்பு இருக்கிறதா என்று கேட்கிற மாதிரி கேட்டாள்.

முடியுமா என்று எனக்குத் தெரியாது. ஆனால் எப்படிக் கேட்க வேண்டும் என்று தெரியும். அந்த அறிவுதான் என்னைக் கெடுத்தது.

திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்தேன். ரசீது வாங்கினேன். "பரிசீலனையில் உள்ளது" என்று பதில் வந்தது. அது பதில் அல்ல, மனு இன்னும் தொலையவில்லை என்பதற்கு அத்தாட்சி. நினைவூட்டல் அனுப்பினேன். சாலையின் அகலத்துக்குப் பொறியாளரிடம் சான்று வாங்கினேன். சாலை மேல் சாய்ந்திருந்த சில்வர் ஓக் கிளைகளை வெட்ட வேண்டும் என்றார்கள்; மரத்தில் மிளகுக்கொடி பூத்திருக்கிறது, தொட்டால் கையை முறிப்பேன் என்றாள் மரத்துக்காரி; கொடி இல்லாத பக்கத்துக் கிளைகளாகப் பார்த்து எண்ணிக் காட்டி, அவள் கையெழுத்தும் வாங்கினேன். கடைசியாக, பஸ் திரும்புவதற்கு ஊருக்குள் ஆறு சென்ட் சமதரை வேண்டும் என்றார்கள். மலையில் சமதரை ஏது? இருந்த ஒரே துண்டில் குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி, நின்றது. அது ஊர்ப் பூசாரியின் காடு.

பூசாரிக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். மெலிந்த ஆள், அதிகம் பேசமாட்டார். ஒரு மாலை நேரம் போய்ச் சட்டம் எல்லாம் விளக்கிச் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "எந்தப் பக்கம் வேணுமுங்க?" என்றார். மறுநாள் விளையாத கிழங்கைப் பிடுங்கி, மண்ணை வெட்டிச் சமன் செய்துவிட்டார். ஒப்புதல் கடிதத்தில் கைநாட்டு வைக்கும்போது, "நம்மூட்டுப் பொண்ணு படிக்குதுங்களே" என்று மட்டும் சொன்னார். அவளுக்கும் அவருக்கும் எந்த உறவும் இல்லை.

அதனால்தான் பிறகு நடந்ததை நினைத்தால் இன்றும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

சோதனை ஓட்டத்துக்கு நாள் குறித்தார்கள். காலை ஒன்பதரை மணிக்கு வெறும் பஸ் ஒன்று வரும், பின்னால் ஜீப்பில் ஆய்வு அலுவலர் வருவார், பஸ் ஊருக்குள் போய்த் திரும்பிக் காட்ட வேண்டும். அவ்வளவுதான். அன்றைக்கு அவள் சுவரில் பத்தொன்பது கோடு இருந்தது. இதைப் பார்க்கவென்று இருபதாவது கோட்டையும் போட்டுவிட்டு நின்றாள். மிச்சம் பத்து நாள்.

பஸ் வந்தது. ஏற்றத்தில் முக்கி முனகி, ஒரு கிளையைக்கூட உரசாமல் வந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. வயதான காலத்தில் ஒரு பச்சை பஸ்ஸைப் பார்த்து அழுபவள் நான் ஒருத்திதான் இருப்பேன். ஊர் எல்லையில் ஒரு நட்ட கல் இருக்கிறது. அதன் அருகே பூசாரி சாலையின் நடுவில் வந்து நின்று இரண்டு கையையும் தூக்கினார். பஸ் நின்றது. ஊரே அங்கே குளித்து முழுகி, ஈரத்துணியோடு கும்பிட்டபடி நின்றது.

"என்னங்க இது?" என்றார் ஓட்டுநர்.

"சாமிகிட்டப் பூக் கேக்கணுமுங்க. கேட்டுப்போட்டு உள்ள வந்துரலாம்."

கல்லை நீர் ஊற்றி நனைத்து, அதன் நெற்றியில் ஓர் அரளிப்பூவை ஒட்டினார். வலப்பக்கம் விழுந்தால் சம்மதம். இடப்பக்கம் விழுந்தால் மறுப்பு. விழாமல் ஒட்டிக்கொண்டிருந்தால், சாமி யோசிக்கிறது. புதிதாக எது ஊருக்குள் வந்தாலும் இப்படித்தான் கேட்பார்களாம். முதல் மோட்டார் சைக்கிளுக்குக் கேட்டார்கள். ஜீப்புக்குக் கேட்டார்கள். சாலை போட வந்த ரோலர் மூன்று நாள் அந்தக் கல்லருகே நின்றதாம். நான் அப்போது இங்கே இல்லை.

பூ விழவில்லை.

கால் மணி நேரம் போயிற்று. ஆய்வு அலுவலர் ஜீப்பிலிருந்து இறங்கி வந்தார். நாற்பது வயது, பளபளவென்று ஷூ. என்னைப் பார்த்து, "என்ன மேடம், சாமி என்ன சொல்லுது?" என்றார்.

"பரிசீலனையில இருக்கு" என்றேன். வேறென்ன சொல்ல?

சிரித்தார். பிறகு கடிகாரத்தைப் பார்த்தார். நான் கெஞ்சினேன்: பஸ் நிற்கட்டும், நீங்கள் நடந்து வந்து திரும்புகிற இடத்தை மட்டுமாவது பார்த்துவிடுங்கள். இருநூறு அடிதான். அவர் ஓர் அடி எடுத்து வைத்தார். பூசாரி பணிவாக, "ஷூவை மட்டும் கழட்டிருங்க சாமி" என்றார். அந்தக் கல்லைத் தாண்டி யாரும் செருப்புப் போடுவதில்லை. அலுவலர் தன் ஷூவின் நாடாவைப் பார்த்தார். சாலையைப் பார்த்தார். ஆட்டுப்புழுக்கை கிடந்தது. ஜீப்புக்குத் திரும்பிப் போய்விட்டார்.

நாற்பது நிமிடம் ஆனதும் பஸ்ஸை எடுக்கச் சொல்லிவிட்டார். அங்கே திரும்ப இடமில்லை. திரும்பும் இடம் கல்லுக்கு அந்தப் பக்கம் அல்லவா இருக்கிறது? பாவம் அந்த ஓட்டுநர், இறக்கத்தில் அரை கிலோமீட்டர் பின்பக்கமாகவே ஓட்டிக்கொண்டு போனார். அவர் ஹாரன் சத்தம் வளைவுக்குள் மறையும்போது பூசாரி கத்தினார்: "குடுத்துட்டாருங்க! வலப்பக்கம் குடுத்துட்டாருங்கோ!"

நாலைந்து பேர் பஸ்ஸின் பின்னால் ஓடினார்கள். பஸ் நிற்கவில்லை.

நான் பூசாரியை அங்கேயே வைத்துத் திட்டினேன். என் பணிக்காலத்தில் ஒருவரையும் அப்படித் திட்டியதில்லை, குறிப்பாணைதான் கொடுப்பேன். ஆறு மாதமாக நான் அலைவது தெரியாதா, நேற்றே கேட்டுத் தொலைத்திருக்கக் கூடாதா, இந்தப் பொண்ணு படிப்பு போனால் நீங்களா பதில் சொல்வீர்கள் என்று கத்தினேன். அவர் எல்லாவற்றையும் நின்று வாங்கிக்கொண்டார்.

"பஸ்ஸைக் காட்டாம எப்படிங்கம்மா கேக்கறது?" என்றார். "எதைக் கேக்கறம்னு சாமிக்குத் தெரிய வேண்டாமுங்களா?"

 இணைப்பு இல்லாத மனுவை எத்தனை ஆயிரம் முறை திருப்பி அனுப்பியிருக்கிறேன்? நகல் இல்லை, சான்று இல்லை, எதைப் பற்றிய மனு என்று தெளிவில்லை, திருப்பப்படுகிறது.

"இதை எங்கிட்ட ஏன் முன்னாடியே சொல்லல?"

"நீங்க கேக்கலீங்களே."

கேட்கவில்லைதான். ஒன்றரை வருடமாக அந்தக் கல்லருகே செருப்பைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு நடந்தவள், என் செருப்பே போகக்கூடாத இடத்தில் ஒரு பஸ்ஸின் ஆறு சக்கரமும் எப்படிப் போகும் என்று ஒருநாளும் யோசிக்கவில்லை. எல்லா அலுவலகத்தின் நடைமுறையும் எனக்குத் தெரியும். எல்லையில் இருந்த ஓர் அலுவலகத்தை மட்டும் விட்டுவிட்டேன்.

என் கோபத்தில் யாருக்கு எவ்வளவு என்று அன்று இரவெல்லாம் பங்கு போட்டுப் பார்த்தேன். பூசாரிக்குக் கொஞ்சம். ஷூவுக்கு நிறைய. மீதி யாருக்கு என்று சொல்லத் தேவையில்லை.

அறிக்கை வந்ததும், முதலில் சொன்ன அந்த வாக்கியம் வந்ததும், அவளிடம் படித்துக் காட்டினேன். 

"வழிமறிச்சோமாங்க? கும்புட்டுக்கிட்டுல்ல நின்னோம்?"

"கும்பிட்டது அறிக்கையில வராது கண்ணு."

"அப்ப நீங்க இன்னொரு மனு எழுதுங்க. நான் நடக்கறேன்."

எழுதினேன். ஊர்க்கூட்டத்தில் ஒருவருக்கும் ஆட்சேபணை இல்லை என்று தீர்மானம், நாற்பது வீட்டின் கையெழுத்து, ஆறு சென்ட் நிலத்தின் புகைப்படம் நான்கு பக்கத்திலிருந்தும். ஆறு வாரம் நடையாக நடந்தேன். ஒரு நாள் மதியம் சாப்பாட்டு நேரத்தில் அந்த ஆய்வு அலுவலரின் மேசை முன்னால் உட்கார்ந்து, அவர் டிபன் டப்பாவைத் திறக்கும்வரை எழவில்லை. மறு சோதனைக்கு நாள் கொடுத்தார். நியாயம் பார்த்துக் கொடுத்தாரா, தயிர்சாதத்தை நிம்மதியாகச் சாப்பிடக் கொடுத்தாரா, தெரியாது. அதற்குள் சுவரில் இருபத்து நான்கு கோடு. நடுவில் மூன்று நாள் மழை, ஒரு நாள் குழந்தைக்குக் காய்ச்சல்.

இந்த முறை முதல் வேலையாகப் பூசாரியிடம் போனேன்.

"போன தடவையே சாமி குடுத்தாச்சே. இனி கேக்க வேண்டியதில்ல இல்லீங்களா?"

 "அதுலதாங்கம்மா ஒரு சிக்கலு. பஸ்ஸு போனப்புறம் விழுந்த பூவுங்க அது. பஸ்ஸு வர்றதுக்குக் குடுத்த வாக்கா, போனதுக்குக் குடுத்த வாக்கான்னு தெரியலீங்களே."

மனுஷன் எந்த அலுவலகத்தில் இருந்திருந்தாலும் மேலே வந்திருப்பார். பஸ்ஸின் புகைப்படத்தைக் காட்டிக் கேளுங்களேன் என்றேன். போட்டோவுக்கு விழுகிற பூ போட்டோவுக்குத்தான் என்றார்.

ஒரே வழிதான் இருந்தது. ஓட்டுநரைத் தேடிப் பிடித்தேன். அலுவலர் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் பஸ்ஸைக் கொண்டுவந்து கல்லருகே நிறுத்தச் சொன்னேன்.

"ஏனுங்கம்மா, உங்க சாமி டூட்டிக்கு லேட்டாத்தான் வருமுங்களா?" என்றார். ஆனால் சொன்னபடி எட்டரைக்கு வந்து நிறுத்திவிட்டார்.

கல்லை நனைத்தார்கள். பூவை ஒட்டினார்கள். எட்டே முக்கால். பூ நகரவில்லை. ஒன்பது. நான் அந்தப் பூவையே முறைத்துக்கொண்டிருந்தேன். அதை ஊதித் தள்ளிவிட்டால் என்ன என்று நினைத்தேன், உண்மையாகவே நினைத்தேன். ஒன்பதே கால். கீழே மூன்று வளைவு தள்ளி ஜீப் சத்தம் கேட்டது.

அவள் அன்றைக்கும் போகவில்லை, இருபத்தைந்தாவது கோடு. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கூட்டத்தின் ஓரத்தில் நின்றிருந்தவள், வெறுங்காலோடு நேராகப் போய் பஸ்ஸில் ஏறினாள். முதல் இருக்கையில் உட்கார்ந்து, ஜன்னல் வழியாகப் பூசாரியைக் கூப்பிட்டாள்.

"மாமா, நான் இந்த ஊருக்கு வாக்கப்பட்டு வந்தன்னைக்கு இதே கல்லுல எனக்குப் பூக் கேட்டீங்களா இல்லீங்களா?"

"கேட்டோங் கண்ணு."

"எந்தப் பக்கம் விழுந்துச்சு?"

"வலப்பக்கந்தான்."

"நான் உள்ள வர்றதுக்குத் தானே? அப்பறமென்ன, வாரேன். நடந்து வந்தா வுடுவீங்க, உக்காந்து வந்தா வுடமாட்டீங்களா? எம்புள்ள இங்கயே பொறந்தவன், அவனுக்குக் கேக்கவே வேண்டியதில்ல. எங்களைத் தடுக்கறதுன்னாத் தடுங்க."

 கூட்டத்தில் ஒரு கிழவர், "பாயிண்ட்டு சரியாத்தான் இருக்குது" என்றார். முன்பு கொடுத்த ஆணையே போதும், புதிய ஆணை தேவையில்லை. முப்பத்து நான்கு வருடத்தில் எனக்குத் தோன்றாத வாதம்.

பூசாரி கல்லைப் பார்த்தார். பூவைப் பார்த்தார். பிறகு சாலையோரமாக ஒதுங்கி நின்று, பஸ்ஸைப் பார்த்துக் கும்பிட்டார்.

"போங்கண்ணா" என்றாள் அவள் ஓட்டுநரிடம்.

பஸ் கல்லைத் தாண்டியது. பூசாரியின் ஆறு சென்ட்டில் ஒரே வீச்சில் திரும்பியது. அலுவலரின் ஜீப் வந்து நின்றபோது, பஸ் முகத்தைக் காட்டிக்கொண்டு எதிரே இறங்கி வந்தது. அவர் ஷூவைக் கழற்ற வேண்டிய அவசியமே வரவில்லை.

"பரவாயில்லையே, திரும்பிருச்சு" என்றார். குறித்துக்கொண்டார். பயணி யார் என்று கேட்டார். "பொதுமக்கள்" என்றேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள் என்றேன். எழுதவில்லை.

எல்லாரும் போன பிறகு கல்லருகே போய்ப் பார்த்தேன். பூ அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது. பிறகு எப்போது விழுந்தது, எந்தப் பக்கம் விழுந்தது என்று எனக்குத் தெரியாது. பூசாரி சொல்லவில்லை. இந்த முறை நான் தெரிந்தே கேட்கவில்லை.

இது நடந்து ஐந்து வாரம் ஆகிறது. அறிக்கை சாதகமாகத்தான் போயிருக்கிறது, நகல் வாங்கிப் பார்த்துவிட்டேன். ஆனால் ஆணை வரவில்லை. அறிக்கைக்கும் ஆணைக்கும் நடுவில் நான்கு மேசைகள். ஒவ்வொன்றிலும் யார் உட்கார்ந்திருப்பார், எந்தக் கோப்பின் அடியில் எங்கள் கோப்பு இருக்கும், அவர் எந்தக் கேள்வியை எழுதித் திருப்பி அனுப்புவார் என்று கண்ணை மூடினால் எனக்குத் தெரிகிறது. தெரிந்து என்ன செய்ய? மூன்றாவது மேசையில் நான் உட்கார்ந்திருந்த காலத்தில் இப்படி ஒரு கோப்பை எத்தனை நாள் வைத்திருப்பேன் என்றும் தெரியும். அதுதான் உறங்கவிடாமல் செய்கிறது.

பரீட்சைக்கு இன்னும் ஏழு வாரம். நேற்று மாலை இரண்டாவது நினைவூட்டலை எழுதி உறையில் போட்டேன். இன்று காலை நான்கரைக்கே மழை பிடித்துக்கொண்டது. ஐந்து மணிக்கு வேலியோரம் போய் நின்றேன். அவள் டார்ச்சோடு வாசலில் நின்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கால் மணி நேரம் பார்த்தாள். பிறகு உள்ளே போனாள். கரிக்கட்டி சுவரில் உராயும் சத்தம் கேட்டது.

இருபத்தெட்டு.

உறையைப் பிரித்து, கடிதத்தைக் கிழித்துவிட்டு, வேறொன்று எழுத உட்கார்ந்தேன். மரியாதை வார்த்தைகளை எல்லாம் எடுத்துவிட்டேன்.